சாப்பிட்ட சோறு எங்கே போகிறது?

"இருபத்தஞ்சு வருஷம் கரும்பு வெட்டி, கட்டு சொமந்து, லாரிக்கு ஏத்துன ஒடம்பு மாப்ளே. எனக்கு எப்படி சுகர் வந்துச்சு?"

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டு டீக்கடையில் மாமா இப்படிக் கேட்டார். நான் பிசியோதெரபி பார்ப்பவன் என்பதால் உறவுக்காரர்கள் இந்த மாதிரிக் கேள்விகளை என்னிடம் கொண்டுவருவார்கள். இது நியாயமான கேள்வி. "வயசானா வரும் மாமா" என்று சொல்லி எழுந்து போயிருக்கலாம், ஆனால் அது பதில் இல்லை. சர்க்கரை இல்லாமல் ஒரு டீயும், சர்க்கரை போட்டு ஒரு டீயும் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். சர்க்கரை போட்ட டீ எனக்குத்தான். முதல் கணக்கை அதிலிருந்தே தொடங்கினேன்.

இந்த டம்ளரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் எட்டு முதல் பத்து கிராம் இருக்கும். நம் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். லேபில் 100 என்று எழுதித் தந்தால், 100 மில்லி ரத்தத்தில் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். அப்படியானால் உச்சி முதல் பாதம் வரை ஓடும் மொத்த ரத்தத்திலும் சேர்த்து 5 கிராம்தான். இந்த டீயில் இருப்பதில் பாதி.

மதியம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடும் சோற்றில் மாவுச்சத்து மட்டும் 100 கிராம் வரும். அதெல்லாம் குளுக்கோஸாக மாறி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் வந்து இறங்கும். 5 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 100 கிராம் இறங்கியும், நல்ல உடம்புக்காரருக்கு அளவு பெரும்பாலும் 140-ஐத் தாண்டுவதில்லை. வந்த வேகத்திலேயே அது வேறு எங்கோ போய்விடுகிறது.

மூளை கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கல்லீரல் சுமார் 100 கிராம் வரை கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கும். பெரிய பங்கை எடுப்பது தசை. ஆணின் உடல் எடையில் ஏறத்தாழ 40 சதவீதமும் பெண்ணின் எடையில் மூன்றில் ஒரு பங்கும் எலும்போடு ஒட்டிய தசைதான். அதில் பாதிக்கு மேல் இடுப்புக்குக் கீழே, தொடையிலும் பிட்டத்திலும் கெண்டைக்காலிலும் இருக்கிறது. மொத்தத் தசையும் சேர்ந்து 300 முதல் 500 கிராம் வரை கிளைகோஜனை வைத்துக்கொள்ளும். இன்சுலினை ரத்தத்தில் செலுத்தி, குளுக்கோஸ் எங்கே போகிறது என்று 1980-களில் அமெரிக்க மருத்துவர் ரால்ஃப் டிஃப்ரான்சோ அளந்து பார்த்தார். ஐந்தில் நான்கு பங்கு தசைக்குள் போனது. சர்க்கரை நோயாளிகளிடம் அதே சோதனையைச் செய்தபோது தசை எடுத்துக்கொண்ட அளவு ஏறத்தாழ பாதிதான்.

கரும்பு வெட்டியவருக்கு இதைப் புரியவைக்க ஆலையைத்தான் காட்ட வேண்டும். அரவைப் பருவத்தில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து டிராக்டரும் லாரியுமாக எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போவதை அவர் ஆயுசு முழுக்கப் பார்த்தவர். ஆலை தடையில்லாமல் அரைத்துக்கொண்டிருந்தால் ரோட்டில் எந்த நேரமும் சில வண்டிகளே நிற்கும். கேட் சரியாகத் திறக்கவில்லை என்றால், வரும் கரும்பு அதேதான், ஆனால் ரோடு அடைத்துக்கொள்ளும். ரத்தப் பரிசோதனை ரோட்டில் நிற்கும் வண்டிகளைத்தான் எண்ணுகிறது. கோளாறு கேட்டில் இருக்கிறது.

அந்த கேட்டுக்கு குளூட்-4 என்று பெயர். இந்தப் புரதம் சும்மா இருக்கும்போது தசை இழைக்கு உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து தட்டினால் மேல் சவ்வுக்கு ஏறிவந்து குளுக்கோஸை உள்ளே விடும். தட்டினாலும் கேட்காமல் போவதுதான் இன்சுலின் எதிர்ப்பு. அப்போது கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும். அந்த ஆண்டுகளில் ரத்தத்தில் அளவு சரியாகவே இருக்கும். கணையம் சோர்ந்த பிறகுதான் லேப் சீட்டில் எண் ஏறும். மாமாவுக்குப் போன தை மாதம் தெரியவந்த நோய், அவர் தொடையில் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருக்கும்.

தசைக்குக் காது ஏன் கேட்காமல் போகிறது? காரணங்கள் பல. நன்றாகத் தெரிந்த ஒன்று, இழைக்குள்ளேயே படியும் கொழுப்பு. எரிக்க வேலை இல்லாத தசையில் அந்தக் கொழுப்பிலிருந்து பிரியும் சில பொருட்கள் இன்சுலினின் சேதியை நடுவழியில் மறிக்கின்றன. நீண்ட தூரம் ஓடும் வீரரின் தசையிலும் கொழுப்புத் துளிகள் நிறைய உண்டு, ஆனால் அவருக்குக் கோளாறு வருவதில்லை. அவர் தினமும் எரித்து தினமும் நிரப்புகிறார். தேங்கிக் கிடப்பதுதான் கெடுதல் செய்கிறது.

இங்கே ஒரு நல்ல சேதி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்தேன். தசை சுருங்கி விரியும்போது குளூட்-4 இன்சுலின் இல்லாமலேயே மேலே வருகிறது. இழைக்குள் வெளிப்படும் கால்சியமும், எரிபொருள் குறைவதை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதியும் தனி வழியில் அதை வரவழைக்கின்றன. சர்க்கரை நோயில் கெட்டுப்போவது இன்சுலின் வரும் வழி. இந்த இரண்டாவது வழி கெடுவதில்லை. இருபது வருடம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் நடக்கும்போது அந்த கேட் திறக்கும். நடையை நிறுத்திய பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலினின் பேச்சைக் கூடுதலாகக் கேட்கும். அதனால்தான் இரண்டு நாளைக்கு மேல் தொடர்ந்து உடற்பயிற்சியை விடாதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

கோபன்ஹேகனில் எரிக் ரிக்டர் குழுவினர் 1980-களின் கடைசியில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள், மறுகால் சும்மா இருந்தது. சில மணி நேரம் கழித்து இன்சுலின் கொடுத்துப் பார்த்தால், உழைத்த கால் குளுக்கோஸை அதிகமாக இழுத்தது, உழைக்காத கால் பழைய மாதிரியே இருந்தது. ஓடுவது ஒரே ரத்தம், வந்தது ஒரே இன்சுலின். எந்தத் தசை வேலை செய்ததோ அதற்குத்தான் பலன். மணிக்கட்டைச் சுழற்றிவிட்டு எக்சர்சைஸ் முடிந்தது என்று சொல்வோரிடம் இதைச் சொல்லியாக வேண்டும். பெரிய தசைகள் காலில் இருக்கின்றன, வேலை அங்கேதான் நடக்க வேண்டும்.

"அப்ப நான் ஒழச்சதெல்லாம்?"

அது அந்தக் காலத்தில் அவரைக் காப்பாற்றியது. தோள்பட்டை வலி வந்து அரிவாளைக் கீழே வைத்த பிறகு, வீட்டிலிருந்து குறுக்கு ரோட்டுக்கு வரவும் டூவீலர்தான். தட்டில் சோறு மட்டும் வெட்டாளுக்கு வைக்கும் அளவிலேயே நின்றுவிட்டது. ஐம்பது வயதுக்கு மேல் தசையின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறையும், பலம் அதைவிட வேகமாகக் குறையும். அதிலும் முதலில் போவது வேகமாகச் சுருங்கும் இழைகள். கால் தடுக்கினால் சட்டென்று ஊன்றி நிற்க உதவுபவை அவை. வயதானவர்கள் வரப்பில் தடுக்கி அப்படியே விழுவதற்குக் கண் மங்கல் மட்டும் காரணம் இல்லை. உழைத்த காலத்துத் தசையை உடம்பு நினைவுக்காக வைத்திருக்காது. உபயோகம் இல்லையென்றால் கரைத்துவிடும்.

மாமாவுக்கு இன்னொரு சந்தேகம். அவர் ஒல்லி. சுகர் குண்டானவர்களுக்குத்தானே வரும்? 2004-இல் லான்செட் இதழில் வந்த ஒரு படத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் இரண்டு மருத்துவர்கள் நிற்கிறார்கள். ஒருவர் புனேவைச் சேர்ந்த சி. எஸ். யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். தராசில் ஒன்றாக நிற்கும் இருவரில் நம் ஆளிடம் தசை குறைவு, கொழுப்பு அதிகம். புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு யாஜ்னிக் குழு ஒப்பிட்டபோதும் இதுவே தெரிந்தது: எடை குறைவு, தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பசியில் கிடந்த தாய்மாரின் கதையும் இதில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். 2023-இல் வெளிவந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு. ஒல்லியான உடம்பைப் பார்த்துவிட்டு நமக்கு வராது என்று இருந்துவிடும் ஊர் நம்முடையது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மாமாவை ஒரு காரியம் செய்யச் சொன்னேன். கைகள் இரண்டையும் மார்பில் கட்டிக்கொண்டு, பெஞ்சிலிருந்து முழுக்க எழுந்து நின்று, மறுபடி உட்கார வேண்டும். விடாமல் ஐந்து முறை. ஆசிய நாடுகளின் மருத்துவர்கள் 2019-இல் வகுத்த அளவுப்படி இதற்கு 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால் தசை பலவீனம் என்று சந்தேகப்பட வேண்டும். முதல் இரண்டு முறை விறுவிறுவென்று எழுந்தார். மூன்றாவது முறை உடம்பு முன்னால் சாய்ந்தது, கட்டியிருந்த வலது கை தானாக அவிழ்ந்து முட்டிக்கு மேல் ஊன்றிக்கொண்டது. அது ஊன்றியதே அவருக்குத் தெரியவில்லை. ஐந்தாவது முறை எழுந்து நிற்கும்போது பன்னிரண்டு தாண்டி வெகுநேரம். தொடையின் முன்பக்கம் நான்கு தசைகள் சேர்ந்திருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். முறுக்கிப் பிடித்தாலும் அங்கே முன்பிருந்த உருட்டு இல்லை.

முதல் இரண்டு முறை எளிதாக வந்ததற்கும் காரணம் உண்டு. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் படித்தவர். எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-இல் ஆந்திரத்தின் பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு ஹார்வர்டு போய் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்தார். தசை இயங்குவதற்கான சக்தி கிளைகோஜன் லாக்டிக் அமிலமாக மாறுவதிலிருந்துதான் வருகிறது என்று அப்போது உலகம் நம்பியது. அந்த ஆராய்ச்சிக்காக ஹில்லுக்கும் மேயர்ஹாஃபுக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. 1927-இல் ஃபிஸ்கேவும் சுப்பாராவும் தசையில் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டார்கள். தசை வேலை செய்யும்போது அது உடைகிறது, ஓய்வில் மறுபடி சேர்கிறது. 1929-இல், தசை நேரடியாகச் செலவிடும் சக்திப் பொருளான ஏடிபி-யையும் தசையிலிருந்து பிரித்துக் காட்டினார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனியாக அதைக் கண்டறிந்தார். முதல் சில நொடிகளின் வேகம் பாஸ்போகிரியேட்டின் தருவது. பிறகு கிளைகோஜன், அதற்கும் பிறகு ஆக்சிஜனோடு சேர்த்து எரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் வேலை. பழக்கம் விட்ட காலில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் குறைந்திருக்கும், அதனால் சீக்கிரம் சோர்வு வரும். பழக்கினால் அவை மறுபடி பெருகும். 1967-இல் ஜான் ஹாலோசி எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு இதைக் காட்டினார். மருத்துவப் பட்டமே சரியாகக் கிடைக்காத ஒருவர் உலகத்தின் பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார், அவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நோய் தசையை என்ன செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரையோடு முடியும் விஷயம் இல்லை இது. டெங்குவோ நிமோனியாவோ வந்து பத்து நாள் படுத்தவர், ஜுரம் விட்ட பிறகும் மாடிப்படி ஏற முடியவில்லை என்பார். கிருமியோடு சண்டை போட உடம்புக்கு அமினோ அமிலம் வேண்டும், அதைத் தசையை உடைத்துத்தான் எடுக்கும். கூடவே படுக்கை. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் காலில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போனது. 1966-இல் டல்லஸ் நகரில் இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்கள் உடல் திறனைக் கெடுத்த அளவுக்கு முப்பது ஆண்டு வயது கூடக் கெடுக்கவில்லை.

நம் ஊரிலோ எந்த நோய்க்கும் முதல் வைத்தியம் 'பேசாம படு' என்பதுதான். காசநோய்க்கு உலகமே அப்படித்தான் நினைத்தது. மாதக்கணக்கில் சானடோரியப் படுக்கை, நல்ல சாப்பாடு, மலைக்காற்று. அதை உடைத்தது சென்னை. சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. பாதிப் பேருக்கு சானடோரியத்திலும், மீதிப் பேருக்கு அவர்கள் குடிசையிலேயும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது குறைவு, அலைந்தது அதிகம். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-இல் அறிக்கை வந்தது. அந்த ஆய்வு தசையை அளக்கவில்லை. ஆனால் மருந்து வேலை செய்யப் படுக்கை தேவையில்லை என்பதை உலகத்துக்குச் சொன்னது. கடும் ஜுரத்தில் ஓய்வு வேண்டும்தான். ஜுரம் இறங்கியதும் ஆளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைப்பது, பாத்ரூம் வரை நடக்கவைப்பது, இதெல்லாம் சிகிச்சையின் பாகம் என்று குடும்பத்தார் எடுத்துக்கொள்ள வேண்டும்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளிலும் நெல் மில்களிலும் தூசியிலேயே காலத்தைக் கழித்து நுரையீரல் கெட்டவர்களிடம் வேறு மாதிரிச் சுழல் ஒன்றைப் பார்க்கலாம். மூச்சு வாங்குகிறது என்று நடப்பதைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் தொடை மெலியும். மெலிந்த தொடை கொஞ்ச வேலைக்கே அமிலத்தைச் சேர்க்கும், அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டிவரும். பழுது நுரையீரலில் என்றாலும் மூச்சிரைப்பில் ஒரு பங்கு காலிலிருந்து வருகிறது. அதனால் காலைப் பழக்கினால், ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் எண் மாறாமலேயே, அவர்கள் முன்பைவிட அதிக தூரம் நடக்கிறார்கள். சூளைக்குப் பக்கத்தில் நின்றே ஆயுசைக் கழித்த ஒருவர் கடைத்தெரு வரை தானே நடந்து போய்க் காய்கறி வாங்கி வந்ததை என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தவன் நான்.

சரி, மாத்திரைக்கு முன்னால் இந்த நடை எந்த அளவு நிற்கும்? இதற்கும் சென்னையில் பதில் இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வந்தது. சும்மா விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 40.5 சதவீதம். நோய் வந்துவிட்ட மாமா போன்றவர்களுக்கு மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எண்கள் அல்ல இவை. மாத்திரையின் வேலை ஒன்று, காலின் வேலை ஒன்று.

சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிடம் நடப்பது, வெறும் வயிற்றில் நடப்பதைவிடச் சோற்றின் சர்க்கரையை நேரடியாகப் பிடிக்கும். சோறு இறங்கும் நேரத்திலேயே கேட் திறந்திருக்கும் அல்லவா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவைச் சுற்றினாலே போதும். ஆனால் நடை மட்டும் தசையைப் பெருக்காது. அதற்குப் பாரம் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், இந்த பெஞ்சு வேலையையே பத்து முறை வீதம், நடுவில் ஓய்வு விட்டு மூன்று சுற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது இன்னொன்று. தசைக்குச் செங்கல் புரதம்தான். முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தைந்து கிராம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகக் கடலையை விளைவிக்கும் பூமியில் இருந்துகொண்டு, மூன்று வேளையும் சோறும் குழம்புமாகவே முடித்துக்கொள்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் அநியாயம்.

அத்தையைப் பற்றியும் மாமா கேட்டார். "அவ நாள் பூரா நின்னுக்கிட்டேதான இருக்கா?" நிற்பது களைப்பைத் தரும், தசைக்குப் பாரத்தைத் தராது. அம்மிக்கும் உரலுக்கும் திரும்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த வேலை பெண்களின் இடுப்பையும் தோளையும் என்ன பாடுபடுத்தியது என்று என் தொழிலில் தினமும் பார்க்கிறேன். அத்தைக்கும் அதே பெஞ்சுப் பயிற்சிதான், ஆனால் அதற்கென்று அரை மணி நேரம் அவருக்கு வீட்டில் யாராவது விட்டுத்தர வேண்டும்.

சில ஜாக்கிரதைகள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் புதிதாகப் பயிற்சி தொடங்கினால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கலாம். வியர்த்து, கை நடுங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ சட்டைப்பையில் இருக்கட்டும், மருத்துவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பாதத்தில் மரத்த உணர்வு இருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கினால் அங்கேயே நின்று, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முட்டி வலிக்கிறது என்று இந்தப் பயிற்சியைத் தள்ளிவிடவும் வேண்டாம், தொடை பலப்பட்டால்தான் முட்டி வலி குறையும். நாற்காலியில் போர்வையை மடித்துப் போட்டு உயரமாக்கி அதிலிருந்து எழத் தொடங்கலாம், வாரம் போகப் போக ஒரு மடிப்பைக் குறைக்கலாம். வலி மறுநாளும் நின்றால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம்.

முதல் மாதத்திலேயே லேப் சீட்டைப் பார்த்து மனம் தளர வேண்டாம் என்றேன். ஹெச்பிஏ1சி என்ற எண் மூன்று மாதத்து ரத்தச் சர்க்கரையின் சராசரி, அது மாற மூன்று மாதம் வேண்டும். தொடை அதைவிடச் சீக்கிரம் மாறும். வாரம் ஒரு முறை, கையைக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார்ந்து, எத்தனை நொடி என்று பேரப்பிள்ளையின் செல்போனில் பார்த்து, காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.